ஏழாம் எண் தலை

நொவீனா. நான்காம் மாடி. சன்னலில்லாத அறை.
பன்னிரண்டு சிலிக்கான் தலைகள்
குப்புறக் கிடக்கின்றன.
எனக்கு ஏழாம் எண்.

என் பெயர் கார்குழலி.
அதன் பொருள் இந்த அறையில் யாருக்கும் தெரியாது.
அட்டையில் டாக்டர் கார்.
ஹஃபீஸ் ஹாரன் அடிப்பதுபோல் கூப்பிடுகிறார்.

துளைக்கும் ஊசியின் வாய் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.
தோலுக்கு வெளியே ஒரு சாய்வில் நிற்கும் மயிர்
உள்ளே போனதும் மனம் மாறி வளைகிறது.
அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது,
விரல்தான் கேட்கவேண்டும்.
என் விரல் கேட்கவில்லை.
திரை சிவப்பில் காட்டுகிறது:
நூறில் முப்பத்தொன்று வேர் அறுந்தது.

மயிர் என்று நாள் முழுக்கச் சொல்கிறேன்,
வீட்டில் சொன்னால் வாயிலேயே விழும்.
முப்பத்தொன்றைப் பார்த்ததும்
அதே சொல்லை வேறு பொருளில் சொன்னேன்.
ஷு ஃபென் நிமிர்ந்து
தமிழில் வேருக்கு அதுதான் சொல்லா என்றாள்.
ஆமாம் என்றேன்.

நடுவது இன்னும் மோசம்.
ஒன்றை அழுத்தி இறக்கினால்
பக்கத்து வீட்டுக்காரன் எழுந்து வெளியே வருகிறான்.
அவனைத் திரும்ப அனுப்பினால் முதலாமவன்.
நாற்று நடுவதுபோல என்று
யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.
பீஷானில் பதினோராம் மாடியில் வளர்ந்தவள்,
நாற்றைப் படத்தில் பார்த்ததோடு சரி.
காலை எட்டு மணி லிஃப்ட்டில்
கடைசி ஆளும் நுழைவது போல:
அது எனக்குப் புரியும்.

எல்லாரும் ஆங்கிலத்தில் எண்ணினால்
பக்கத்து மேசையின் அறுபத்திரண்டு
நம் நாற்பதுக்குள் வந்துவிடும்.
அதனால் ஹஃபீஸ் மலாயில், நான் தமிழில்.
ஷு ஃபென் என் மேசைக்கு உதவி.
அவளுக்குத் தெரிந்த தமிழ் எண் ஒன்றே ஒன்று,
நூறு என்றால் தட்டை மாற்றவேண்டும்.

ஆறாம் வாரம் நிஜத் தோல் வந்தது, பன்றியினுடையது.
ஹஃபீஸ் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் விடியலில் தேக்கா ஈரச்சந்தையில்
ஆட்டுக்கறிக் கடை முன்னால் நான்.
மயிரோட தோலா, சமைக்கவா?
இல்லண்ணே, எண்ண.
ஏற இறங்கப் பார்த்துவிட்டு
வெள்ளிக்கிழமை வா என்றார்.

முரட்டுத் தோல். சிலிக்கானின் மரியாதை இல்லை.
ஒரே துண்டில் இரண்டு பேரும்,
அவர் இடப்பக்கமிருந்து, நான் வலப்பக்கமிருந்து.
நடுவில் சந்தித்தபோது மணி இரவு ஒன்பது.

ஏழாம் எண்ணுக்கு உச்சியில் இரட்டைச் சுழி,
கடினமாக இருக்கட்டுமென்றே வார்த்தது.
இரட்டைச் சுழிக்கு இரண்டு பெண்டாட்டி என்பார்கள்.
கழுத்துக்குக் கீழே மேசை மட்டும் உள்ளவனுக்கு
எதற்கு அந்த வம்பு.
அவன் நெற்றியில் ஊதாப் பேனாவால் கோடு வரைவேன்,
பிடிக்காவிட்டால் சாராயப் பஞ்சால் துடைப்பேன்,
திரும்ப வரைவேன்.
ஒரு நாளில் எத்தனை தலையெழுத்து.

ஒன்பதாம் மாதம் நூறில் நான்கு.
மேற்பார்வையில் ஓர் ஆளைத் தந்தார்கள்.
திரு. குயெக், டாக்சி ஓட்டுநர், ஐம்பத்துமூன்று வயது.
கண்ணாடியில் கோட்டைப் பார்த்து
இன்னும் கொஞ்சம் கீழே வராதா என்றார்.
அது உங்கள் மகனுடைய நெற்றி என்றேன்.
சிரித்தார். குப்புறப் படுத்தார்.

பிடரியில் இடக்கையை வைத்தேன்.
சூடு.
ஒன்பது மாதமும் பதினெட்டு டிகிரியில் பழகிய கை
ஒரு நொடி எடுத்துக்கொண்டது.

ஊசி தொடப்போகையில் அவர் தும்மினார்.
ஏழாம் எண் ஒருநாளும் தும்மியதில்லை.
அறையே ஓரடி பின்வாங்கியது.
தலையணைத் துளைக்குள்ளிருந்து ஒரு சாரி.
நினைக்குமுன் என் வாயில் வந்துவிட்டது:
நூறு.

ஷு ஃபென்
வெறும் தட்டை எடுத்துக்கொண்டு
புதுத் தட்டை வைத்தாள்.